வலிக்காத நோயின் வலி

தொழுநோய் குணமான பிறகும் சிலரை நரம்பு வலி விடுவதில்லை. அதற்கான காரணத்தை விளக்கும் தடயங்களில் சில ஹைதராபாத்தில் கிடைத்தன.

கண்களை மூடிக்கொள்ளச் சொல்கிறார் சுகாதாரப் பணியாளர். நீட்டிய உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவின் முனை மெல்லப் படுகிறது. தொட்ட இடத்தை நோயாளி மறு கையின் விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். முதலில் சுண்டுவிரல், பிறகு பெருவிரல், உள்ளங்கையின் ஓரம். அடுத்து பாதம். கொஞ்சம் வசதியுள்ள மருத்துவமனை என்றால் பேனாவுக்குப் பதில் வெவ்வேறு தடிமனில் நைலான் இழைகள் இருக்கும். சரியாகக் காட்டினால் படிவத்தில் ஒரு குறி, தவறினால் வேறொரு குறி. தொழுநோய் சிகிச்சைக்கு வருபவர்களுக்குக் காலம் காலமாக நடக்கும் சோதனை இது. "தெரிகிறதா, தெரியவில்லையா?" என்பதுதான் இதன் ஒரே கேள்வி.

வலிக்கிறதா என்ற கேள்விக்கு இந்தச் சோதனையில் இடமில்லை. எதற்காக இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றலாம். தொழுநோய் என்றால் மரத்துப்போவது என்பது பஸ் நிலையச் சுவர் விளம்பரம் வரை போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி. உணர்ச்சியற்ற தேமல், சூடு தெரியாமல் வெந்துபோகும் விரல், முள் தைத்தது தெரியாமல் நடந்து நடந்து புண்ணாகும் பாதம். வலி இல்லாததுதான் இந்த நோயின் கொடுமை. அப்படியிருக்க, "ராத்திரி பூரா எரியுது, சுரீர் சுரீர்னு இழுக்குது" என்று ஒருவர் வந்து நின்றால், அதுவும் மருந்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்து வந்து நின்றால், அவரை என்ன செய்வது?

பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது ஒரு சாதாரண வலி மாத்திரை. அல்லது, "உங்களுக்குத்தான் குணமாகிவிட்டதே" என்ற ஆறுதல். ஒரு விதத்தில் அந்த ஆறுதல் உண்மைதான். உடலில் உயிருள்ள கிருமி இல்லை. பதிவேட்டில் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் வலி மட்டும் பதிவேட்டைப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

வேலூர் கற்றுத் தந்த பாடம்

வலியின்மையே தொழுநோயின் கேடு என்று உலகுக்குச் சொன்னவர் தமிழகத்துக்கு நன்கு அறிமுகமானவர். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு 1914-ல் பிறந்த அறுவை நிபுணர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை அப்போது மருத்துவர்களிடமும் இருந்தது. அப்படியல்ல, வலி தெரியாததால் அன்றாடம் படும் சிறு காயங்களும் அவற்றில் ஏறும் சீழுமே விரல்களைத் தின்கின்றன என்று பிராண்ட் காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். வலி என்பது யாரும் விரும்பாத ஒரு பரிசு என்ற பொருளில் 1993-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

அந்தப் பாடம் ஆயிரக்கணக்கான கைகளையும் கால்களையும் காப்பாற்றியது. தொழுநோயாளிகளுக்கான பிரத்தியேகச் செருப்பு, தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. ஆனால் எந்த நல்ல பாடத்துக்கும் ஒரு நிழல் உண்டு. வலியே இல்லாத நோய் என்று ஒரு நோய்க்குப் பெயர் வந்துவிட்டால், அதில் வலியோடு வருபவரின் பேச்சு எடுபடாமல் போகிறது.

சிகிச்சை நடக்கும் காலத்தில் நரம்பு வீங்கி வலிப்பது டாக்டர்களுக்குப் பழகிய விஷயம். எல்லாம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும் வலி வேறு. பங்களாதேஷில் சிகிச்சை முடித்தவர்களிடம் அப்படிப்பட்ட வலியைக் கண்ட பின்லாந்து டாக்டர்களும் அவர்களுடைய சகாக்களும் 2000-ல் 'லான்செட்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். மனிதகுலத்தின் மிகப் பழைய நோய்களில் ஒன்றில் இத்தனை காலம் கழித்துத்தான் இந்தக் கேள்வி உரக்கக் கேட்கப்பட்டது.

தூல்பேட்டையின் தடயம்

ஹைதராபாத் பழைய நகரத்தை ஒட்டிய தூல்பேட்டை, பிள்ளையார் சிலைகளுக்கும் பட்டங்களுக்கும் பேர்போனது. லண்டனிலிருந்து வந்த டாக்டர் டயானா லாக்வுட்டும் இங்கிருந்த தொழுநோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்களும் கவனித்தது, 'எதிர்வினை' என்று மருத்துவர்கள் சொல்லும் ஒரு விசித்திரமான கட்டத்தை. ஹைதராபாத் நோயாளிகளிடம் அது எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்பது பற்றிய அவர்களுடைய கட்டுரை 1993-ல் சர்வதேசத் தொழுநோய் இதழில் வெளியானது.

எதிர்வினையைப் புரிந்துகொள்ள நரம்பின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். நரம்பு என்பது ஒற்றைக் கம்பி அல்ல, கம்பிக் கட்டு. ஒவ்வொரு கட்டிலும் ஆயிரக்கணக்கான இழைகள். தொடுவதைத் தெரிவிக்கத் தடித்த இழைகள். சூடு, குளிர், வலியைத் தெரிவிக்க மெல்லியவை. இவற்றைப் போர்த்திப் பாதுகாப்பவை ஷ்வான் செல்கள். தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்தச் செல்களுக்குள்தான். குளிர்ச்சியான இடம் அதற்குத் தோது. அதனால் தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்புகளைப் பிடித்துக்கொள்கிறது. முழங்கையின் பின்புறம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், கணுக்காலின் உட்பக்கம், முகம் ஆகியவை அதன் வழக்கமான இருப்பிடங்கள்.

கிருமி வந்து உட்கார்ந்தாலும் பல ஆண்டுகள் உடல் பெரிதாக எதுவும் செய்வதில்லை. பிறகு ஒருநாள், சிகிச்சைக்கு முன்போ, நடுவிலோ, முடிந்த பிறகோ, நோய் எதிர்ப்பு சக்தி திடுமென விழித்துக்கொள்கிறது. செத்துப்போன கிருமியின் மிச்சத்தின் மீதும் படையெடுக்கிறது. தேமல்கள் சிவந்து தடிக்கின்றன. நரம்பு வீங்குகிறது. நரம்பைச் சுற்றியுள்ள உறை இறுக்கமானது, வீக்கத்துக்கு இடம் கொடுக்காது. உள்ளே இருக்கும் இழைகள் நசுங்குகின்றன. சில நாட்களிலேயே கை விரல்கள் மடங்கிப்போகலாம், பாதம் தொங்கிப்போகலாம். இதுதான் எதிர்வினை. கிருமியை விட அதை எதிர்க்கும் உடலே அதிகச் சேதம் செய்யும் தருணம்.

இந்தப் படையெடுப்புக்கு உத்தரவு போடுவது யார்? தூல்பேட்டை நோயாளிகளின் தோல், நரம்புத் திசுக்களை வைத்து லண்டன் ஆய்வாளர்களும் ஹைதராபாத் மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 1995-ல் ஒரு பதிலைத் தந்தது. எதிர்வினையில் இருந்தவர்களின் தோலிலும் நரம்பிலும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற ரசாயனம் அதிகமாக உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

செல்களின் பேச்சு

டி.என்.எஃப். என்பது சைட்டோகைன் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம். நோய் எதிர்ப்புச் செல்களுக்கு வாய் கிடையாது. அவை பேசிக்கொள்வது இத்தகைய புரதங்களைச் சுரந்துதான். இங்கே வா, இன்னும் ஆளை அனுப்பு, தாக்கு, போதும் நிறுத்து என்று ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புரதம் அல்லது சில புரதங்களின் கலவை. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவை டி.என்.எஃப். போலவே கொதிப்பைக் கிளப்புபவை. இன்டர்லூக்கின்-10 கொதிப்பைத் தணிப்பது. 1975-ல் எலிகளின் புற்றுக்கட்டியை அழித்ததால் டி.என்.எஃபுக்குக் கட்டியைக் கொல்லும் காரணி என்று பொருள்படும் பெயர் வந்தது. அது நரம்பிலும் வேலை காட்டும் என்று அப்போது தெரியாது.

சங்கடம் இதுதான். நோய் எதிர்ப்புச் செல்கள் தங்களுக்குள் பேசும் பேச்சை வலி இழைகளும் ஒட்டுக் கேட்கின்றன. இந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் வலி நரம்புச் செல்களிலும் உண்டு. டி.என்.எஃப். வந்து ஒட்டியதும் நரம்பின் சோடியம் வாயில்கள் லேசான தூண்டுதலுக்கே திறந்துகொள்கின்றன. தூண்டுதலே இல்லாவிட்டாலும் சில இழைகள் தாமாகத் துடிக்கத் தொடங்குகின்றன. 1996-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலியின் நரம்புக்குள் டி.என்.எஃபை மட்டும் ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பை நசுக்கவில்லை, வெட்டவில்லை. ஆனாலும் நரம்பு காயம்பட்ட எலியைப் போலவே அது காலை இழுத்துக்கொண்டது.

மரத்துப்போன இடத்தில் வலி எப்படி வரும் என்ற புதிருக்கும் இங்கே விடை இருக்கிறது. செய்தி கொண்டுபோகும் இழைகளில் பல அறுந்துவிட்டதால் தொட்டால் தெரிவதில்லை. மிஞ்சிய இழைகளும், அறுந்த இழைகளின் முனைகளும் ரசாயனக் குளியலில் கிடந்து தாமே சத்தம் போடுகின்றன. மூளைக்குப் போய்ச் சேரும் அந்தச் சத்தம் எரிச்சலாக, குத்தலாக, மின்சாரம் பாய்ந்தது போலத் தெரிகிறது. வெளியிலிருந்து வரும் செய்தி நின்றுபோய், உள்ளிருந்து பொய்ச் செய்தி கிளம்புகிறது. மரப்பும் வலியும் ஒரே காயத்தின் இரண்டு முகங்கள்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற மற்றொரு தூது ரசாயனம். இதைக் கண்டுபிடித்த இத்தாலிய விஞ்ஞானி ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கு 1986-ல் ஸ்டான்லி கோஹெனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. வலி இழைகள் உயிரோடிருக்க இது வேண்டும். தொழுநோயில் இது வற்றிப்போகிறது என்று மும்பை மருத்துவர்களும் லண்டனில் பணியாற்றிய பிரவீண் ஆனந்தும் 1994-ல் 'லான்செட்'டில் தெரிவித்தார்கள். வற்றினால் மரப்பு. அளவுக்கு மிஞ்சினால்? மிளகாயின் காரத்தை உணரும் ஒரு வாயில் வலி இழைகளில் இருக்கிறது. 1997-ல் இதை அடையாளம் கண்டதற்காகத்தான் டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அழற்சியுள்ள இடத்தில் பெருகும் நரம்பு வளர்ச்சிக் காரணி அந்த வாயிலை முடுக்கிவிடுகிறது. குண்டூர் மிளகாய் பட்ட புண்ணைப் போல, வெறும் உடல் சூட்டுக்கே இழை எரியத் தொடங்குகிறது.

நரம்போடு இது நிற்பதுமில்லை. ஓயாமல் வந்து சேரும் பொய்ச் செய்திகளால் தண்டுவடமும் மாறிப்போகிறது. அங்கே காவல் இருக்கும் மைக்ரோக்ளியா என்ற செல்கள் விழித்து, தாமும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. 2003-ல் ஜப்பானிய விஞ்ஞானிகளும் 2005-ல் கனடா விஞ்ஞானிகளும் எலிகளில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் இதில் வேறுபாடு உண்டு என்று 2015-ல் தெரியவந்தது. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ஒன்று உறுதி. வலி கையில் தொடங்கினாலும் நாளடைவில் கையில் மட்டும் குடியிருப்பதில்லை. அதனால்தான் கையைப் பார்த்து "இங்கே ஒன்றுமில்லையே" என்பது சரியான பதிலாகாது.

அடங்காத கொதிப்பு

எதிர்வினைக்கு மருந்து பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. டி.என்.எஃப். போன்றவற்றின் உற்பத்தியைக் குறைத்து அழற்சியை அடக்குவது. நரம்பு செயலிழந்து 6 மாதத்துக்குள் கொடுத்தால் பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. எத்தனை நாள் கொடுப்பது என்பதில்தான் விவாதம். ஹைதராபாத் நோயாளிகளின் தோல் மாதிரிகளை மருந்துக்கு முன்பும் பின்பும் எடுத்து ஆராய்ந்து 2001-ல் வெளியான முடிவு கவலைக்குரியது. ஸ்டீராய்டுக்குத் தூது ரசாயனங்கள் மெதுவாகவே பணிந்தன. 180 நாட்கள் கழித்தும் சிலரிடம் கொதிப்பு அடங்கவில்லை. வெளியே தேமலின் சிவப்பு மறைந்தாலும் உள்ளே பேச்சு ஓயவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் மருந்தை நீட்டினால் போதுமா? இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், இந்தோனேஷியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து அதையும் சோதித்தன. 20 வாரம் கொடுத்தவர்களுக்கும் 32 வாரம் கொடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2017-ல் முடிவு வந்தது. ஸ்டீராய்டைக் கண்டபடி நீட்டவும் முடியாது. சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், மறைந்திருக்கும் காச நோய் தலைதூக்கும்.

இதற்கிடையில் ஹைதராபாத் ஆய்வு இடம் மாறியிருந்தது. பி.பி.சி.யின் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியைப் பார்த்த பிரிட்டிஷ் பிள்ளைகள் திரட்டிய நிதியில், லெப்ரா அமைப்பு 1999-ல் புறநகரான செர்லபள்ளியில் ஒரு ஆராய்ச்சி மையத்தைத் திறந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் சுஜய் சுனீதா, தொழுநோயாளிகளின் நரம்பு மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்ப்பதில் கைதேர்ந்தவர். அவரும் டயானா லாக்வுட்டும் பின்லாந்து மருத்துவர்களும் சேர்ந்து, நாட்பட்ட நரம்பு வலியோடு வந்த ஹைதராபாத் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இவர்கள் எல்லாரும் கிருமிக்கான மருந்தை முடித்தவர்கள்.

முடிவு 2007-ல் லெப்ரா இதழில் வந்தது. எடுத்துப் பார்த்த நரம்புகள் சிலவற்றின் உள்ளே அழற்சி இன்னும் நடந்துகொண்டிருந்தது. நரம்புக்குள் தொடரும் இந்த அழற்சியே வலிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். மிகக் குறைந்த நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுதான் அது. ஆனாலும் அதன் அர்த்தம் பெரியது. "எரியுது" என்று சொன்னவர் கற்பனை செய்யவில்லை. பென்ஷனுக்காகவோ, இரக்கத்துக்காகவோ நடிக்கவில்லை. அவர் சொன்னதற்குக் கண்ணாடித் தகட்டில் சாட்சி இருந்தது.

எண்ணிக்கையைப் பற்றி மும்பை ஒரு மதிப்பீடு தந்தது. சிகிச்சை முடித்த 101 பேரை பம்பாய் தொழுநோய்த் திட்டத்தின் மருத்துவர்களும் சகாக்களும் பரிசோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 22 பேருக்கு நரம்பு வலி. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வலி உள்ளவர்களிடம் மன நெருக்கடியும் கூடுதலாக இருந்தது. ஒரு ஊரின் ஒரு மருத்துவமனைக் கணக்கை நாடு முழுதுக்கும் பெருக்கிவிட முடியாது. ஆனால் இந்தியாவில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய தொழுநோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். உலகக் கணக்கில் பாதிக்கும் மேல் இது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் குணமாகிப் போனவர்கள் பல லட்சம். அவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு வலி இருந்தாலே அது பெரிய கூட்டம்.

எந்த வலி, எந்த மருந்து?

வலி என்று வருபவர் எல்லாருக்கும் ஒரே மருந்து என்பதும் தவறு. புதிதாகத் தொடங்கிய வலி, தொட்டால் துடிக்கும் வீங்கிய நரம்பு, அண்மையில் குறைந்துபோன பலம் அல்லது உணர்ச்சி என்றால் அது எதிர்வினையாக இருக்கலாம். அங்கே நாட்கள் முக்கியம். ஸ்டீராய்டு தாமதமானால் கை போய்விடும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் எதிர்வினை வரக்கூடும் என்பதால், "பழைய நோய்தானே" என்று தள்ளிவிடக் கூடாது.

பலம், உணர்ச்சி எதுவும் புதிதாகக் குறையாமல், மாதக்கணக்கில் அதே இடத்தில் எரிச்சலும் குத்தலும் மட்டும் நீடித்தால் அது வேறு கதை. இதற்கு ஸ்டீராய்டை வருடக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. வழக்கமான வலி மாத்திரைகளும் பெரிதாக உதவாது. நரம்பின் துடிப்பையும் தண்டுவடத்தின் மிகையையும் தணிக்கும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவையே நரம்பு வலிக்கு உலகெங்கும் முதலில் தரப்படும் மருந்துகள். இவற்றில் அமிட்ரிப்டிலின் மிக மலிவு. எல்லாருக்கும் கேட்காது, கேட்பவர்களுக்கும் முழு நிவாரணம் அரிது. தூக்கக் கலக்கம், வாய் உலர்தல் போன்ற தொல்லைகளும் உண்டு. ஆனால் இரவில் நாலு மணி நேரம் தூக்கம் என்பது அதுவரை தூங்காதவருக்குச் சின்ன விஷயமல்ல.

தூது ரசாயனத்தையே தடுத்துவிட்டால் என்ன? தொழுநோய்க்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. கர்ப்பிணிகள் உட்கொண்டு உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமானதால் 1961-ல் விலக்கப்பட்டது தாலிடமைடு. ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற டாக்டர் 1964-ல் ஒரு தொழுநோயாளியின் தூக்கத்துக்காக அதைக் கொடுத்தபோது, தோல் முடிச்சுகளோடு வரும் இன்னொரு வகை எதிர்வினை அடங்கியது. காரணம் தெரிய 27 ஆண்டுகள் ஆயின. தாலிடமைடு டி.என்.எஃப். உற்பத்தியைக் குறைக்கிறது என்று 1991-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம் கண்டது. ஆனால் அதே தாலிடமைடு நீண்ட நாள் கொடுத்தால் நரம்பையும் கெடுக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் மருந்து.

நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் டனேசுமாப் என்ற மருந்தின் கதியும் இதுவே. மூட்டு வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டே தேய்ந்தது. 2021-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்ததும் கம்பெனிகள் கைவிட்டன. சோடியம் வாயில்களில் ஒன்றை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் திடீர் வலிக்கு மட்டுமே. உடலின் தூதர்களுக்கு ஒரு வேலைதான் என்று இல்லை. ஒருவனை வாயடைத்தால் அவன் சொல்லிக்கொண்டிருந்த நல்ல செய்தியும் நின்றுபோகிறது.

நமக்கும் உள்ள பங்கு

இது யாரோ சில பழைய நோயாளிகளின் பிரச்னை என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கொஞ்சம் நிற்கலாம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களில் பலருக்கும் தெரிந்த அனுபவம், இரவில் போர்வை பட்டாலே எரியும் பாதம். அங்கே நரம்பைக் கெடுத்தது கிருமி அல்ல, சர்க்கரை. ஆனால் காயம்பட்ட நரம்பில் நடக்கும் பேச்சில் டி.என்.எஃபுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் இடமுண்டு. மரத்த காலும் எரியும் காலும் ஒன்றாகவே இருப்பது அங்கும் உண்டு. தூல்பேட்டை நோயாளிகள் கொடுத்த ஒரு துணுக்கு நரம்பிலிருந்து கிடைத்த அறிவு அவர்களோடு முடிந்துவிடுவதல்ல.

வித்தியாசம் ஒன்றுதான். நீரிழிவுக்காரர் தன் கால் எரிச்சலைக் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிப் புலம்பலாம். தொழுநோயிலிருந்து மீண்டவரால் முடியாது. வாயைத் திறந்தால் பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று வீட்டார் பயப்படுவார்கள். மருமகள் பேரனைத் தள்ளி உட்கார வைப்பாள். குணமானவர் பட்டியலிலிருந்து மறுபடி நோயாளிப் பட்டியலுக்குப் போய்விடுவோமோ என்று அவரே பயப்படுவார். வலி யாரிடமும் தொற்றாது. அது கிருமி திரும்பியதற்கு அடையாளமும் அல்ல. இதை ஒரு டாக்டர் வீட்டாரிடம் சொன்னாலே அவருடைய சுமையில் பாதி குறையும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நரம்பு வலியைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு டாக்டர்கள் வகுத்த ஒரு படிவம் உண்டு. மொத்தம் 10 அம்சங்கள். எரிகிறதா, வலிக்கும் அளவுக்குக் குளிர்கிறதா, ஷாக் அடிக்கிறதா, ஊசி குத்துகிறதா, அரிக்கிறதா என்று சில கேள்விகள். தொட்டும் குத்தியும் பார்க்கச் சில சோதனைகள். நான்கு அம்சங்கள் இருந்தால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். மும்பை ஆய்வில் பயன்பட்டது இதுதான். ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. சுகாதாரப் பணியாளர் நோயாளியின் மொழியில் கேட்டால் போதும்.

பேனா முனையால் கையையும் காலையும் தொட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்தச் சோதனை முடிந்து, நோயாளி கண்ணைத் திறந்ததும், "வலி ஏதாவது இருக்கிறதா? ராத்திரி தூங்குகிறீர்களா?" என்று கேட்க இன்னும் அரை நிமிடம் போதும். கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது. கேட்பவர் வரும்வரை அவர்கள் காத்திருந்தார்கள்.